களை இருந்தால் என்ன? பள்ளி மைதானங்களும் பூச்சிக்கொல்லித் தடையும்

வட அமெரிக்காவில் வசந்தம் பிறந்ததும் புல்வெளிகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொடிகள் முளைக்கும். ஒரு குச்சி, அதன் தலையில் உள்ளங்கை அகல அட்டை. 'பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டுள்ளது, புல்லில் கால் வைக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கும். பல மாநிலங்களில் இந்தக் கொடியை நடுவது சட்டப்படி கட்டாயம். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது என்னவாகத் தெரியும்? பிடுங்கி விளையாடத் தோதான ஒரு பொருளாகத்தான். குச்சியும் அதன் உயரத்துக்கு ஏற்றாற்போலவே இருக்கிறது.

பெரியவர்கள் படித்துவிட்டு விலகிப் போவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது. பள்ளி மைதானமும் குழந்தைக் காப்பகத்தின் முற்றமும் பூங்காவின் ஊஞ்சல் திடலும் அந்த நம்பிக்கைக்குள் அடங்குவதில்லை. அங்கே புல்லில் உருள்பவர்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் விளையாட்டு நேரத்தில் வேறு எங்கும் போக வழியில்லை. அதனால்தான் சில நாடுகளும் மாநிலங்களும் எச்சரிக்கைப் பலகையோடு நிற்காமல், குழந்தைகள் படிக்கும், விளையாடும் இடங்களில் தெளிப்பதையே தடுத்திருக்கின்றன. அந்தத் தடைகள் எப்படி வந்தன, எதை நம்பி நிற்கின்றன, எங்கே இடறுகின்றன என்று பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் நாம் 'பூச்சிமருந்து' என்கிறோம், 'மருந்து அடிக்கிறோம்'. கொல்வதற்காகவே செய்த ஒன்றுக்கு மருந்து என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்தில் பெயர் நேராகவே கொல்லியைக் குறிக்கிறது. ஆனால் விற்பனைக்கு வரும்போது அங்கேயும் 'புல்வெளிப் பராமரிப்பு' என்று பூசி மெழுகிவிடுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பூச்சிக்கொல்லி என்று பொதுவாகச் சொன்னாலும், புல்வெளியில் அடிப்பவற்றில் பெரும்பங்கு களைக்கொல்லிகள்; இங்கே பேசும் சட்டங்கள் அவற்றையும் பூச்சிக்கொல்லி என்ற கணக்கில்தான் வைக்கின்றன. அவற்றில் மூத்தது 2,4-டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்தது. தாவரங்களின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து, அகன்ற இலைச் செடிகளைக் கட்டுப்பாடில்லாமல் வளரவைத்தே சாகடிக்கும்; புல் இனங்கள் தாக்குப்பிடித்துவிடும். இதோடு டைகாம்பா, மெக்கோப்ராப் போன்ற வேறு களைக்கொல்லிகளையும் கலந்து விற்பார்கள். வியட்நாம் போரில் தெளித்த 'ஏஜெண்ட் ஆரஞ்சு' கலவையில் 2,4-டி பாதி என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் அந்தக் கலவைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த டையாக்சின் என்ற கொடிய நச்சு, முக்கியமாக அதன் இன்னொரு பாதியான 2,4,5-டி-யோடு வந்தது. வாதம் நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இதையும் சொல்லியாக வேண்டும்.

2,4-டி வந்தபிறகு நடந்த ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு முன்பு புல்விதைப் பொட்டலங்களில் வெள்ளைக் குளோவர் என்ற மூவிலைச் செடியின் விதையையும் சேர்த்தே விற்றார்கள். குளோவரின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்தும். புல்லுக்கு அது இலவச உரம். புதிய கொல்லியோ அகன்ற இலை எதையும் விட்டுவைக்காது, குளோவரையும் சேர்த்தே கொன்றது. கொல்லியைக் குறை சொல்லாமல் குளோவரைக் களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இலவச உரம் போனதால் மூட்டை உரம் தேவைப்பட்டது. ஒரே அளவில், ஒரே பச்சையில், இடையில் ஒரு பூவும் இல்லாத விரிப்புதான் 'நல்ல புல்வெளி' என்ற ரசனை இப்படித்தான் வேரூன்றியது. பள்ளி மைதானம் வரை வந்து சேர்ந்ததும் இந்த ரசனைதான்.

சரி, இவை குழந்தைகளை என்ன செய்யும்?

தெளிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்: எல்லாம் அளவைப் பொறுத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாமே சொல்கிறோமே, மறுக்க முடியாது. ஆனால் யாருடைய அளவு? உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை மூச்சிழுக்கிறது, அதிகம் தண்ணீர் குடிக்கிறது, அதன் தோல்பரப்பும் அதிகம். மூக்கு தரைக்கு அருகில் இருக்கிறது. கை வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மூளையும் நரம்பும் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. சில நச்சுகளை முறிக்கும் நொதிகள் சின்ன வயதில் குறைவு. 1993-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் குழந்தைகளின் உணவிலுள்ள பூச்சிக்கொல்லிகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளைச் சிறிய பெரியவர்களாகக் கணக்கிடக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னது. 1996-ல் வந்த உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளுக்காகக் கூடுதலாகப் பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி வைக்கச் சொன்னதோடு, உணவு, வீடு, புல்வெளி என எல்லா வழிகளிலும் வருவதைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவும் சொன்னது.

அப்படிக் கூட்டிப் பார்த்ததும் கணக்கு மாறியது. பல ஆண்டுகளாக வீடுகளிலும் புல்வெளிகளிலும் தாராளமாகப் பயன்பட்ட குளோர்பைரிபாஸ், டயசினான் என்ற பூச்சிகளைக் கொல்லும் இரண்டு மருந்துகளையும் வீட்டு உபயோகத்திலிருந்து விலக்க 2000-ல் முடிவானது. டயசினானின் கதை இன்னும் சுவாரசியம். அது தெளித்த புல்லை மேய்ந்த வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால், கோல்ஃப் மைதானங்களில் அதைப் பயன்படுத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்பே தடை விதித்திருந்தது. வீட்டுப் புல்வெளிக்கான விற்பனை நின்றதோ 2004 இறுதியில்தான். அதாவது, குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் முன்பாகவே வாத்துகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் லேபிளைப் பார்த்து ஒழுங்காகத் தெளித்தவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'அரசு பதிவு பெற்றது' என்றால் ஆபத்தில்லாதது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, பதிவு என்பது நன்மையையும் தீமையையும் தராசில் வைத்துப் பார்த்து எடுக்கும் முடிவு. 'பாதுகாப்பானது' என்று லேபிளில் அச்சிட உற்பத்தியாளருக்கு அனுமதி கிடையாது.

தெளித்தது தெளித்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. 1990களில் நடந்த ஆய்வுகள், புல்வெளியில் அடித்த 2,4-டி செருப்பிலும் நாயின் பாதத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து தரைவிரிப்புத் தூசியில் தங்குவதைக் காட்டின. வெளியே வெயிலும் மண் நுண்ணுயிரும் அதைச் சிதைத்துவிடும். வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்ய எதுவும் இல்லை. தவழும் குழந்தை அதே விரிப்பின் மேல்தான் தவழ்கிறது.

நோய் விஷயத்தில் ஆதாரம் எவ்வளவு கனமானது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, இளம் வயதில் பூச்சிக்கொல்லிகளுக்கு ஆட்படுவதற்கும் குழந்தைப் புற்றுநோய், அறிவுத்திறன் குறைவு, நடத்தைச் சிக்கல் ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல், வீட்டுக்குள் அடிக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் இடையில்தான் வலுவான தொடர்பைக் கண்டது. களைக்கொல்லியோடும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. வெளிப்புறத்தில் பூச்சிகளைக் கொல்ல அடிப்பவற்றோடு தெளிவான தொடர்பு தெரியவில்லை. தொடர்பு என்பதும் காரணம் என்பதும் வேறு வேறு. 1998 முதல் 2002 வரை அமெரிக்கப் பள்ளிகளில் பூச்சிக்கொல்லியால் உடனடியாக உடல்நலம் கெட்டவர்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2,593 பேரைக் கணக்கெடுத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு லேசான பாதிப்புதான். அந்தக் கணக்கில் கிருமிநாசினிகளும் அடக்கம். களைக்கொல்லியின் பங்கு சிறியது. விவரம் முழுதாகக் கிடைத்த 406 சம்பவங்களில் 69 சதவீதம் பள்ளியிலேயே பயன்படுத்தியதால் வந்தவை. மீதி பக்கத்து வயல்களிலிருந்து காற்றில் மிதந்து வந்தவை.

ஆக, பள்ளிப் புல்லில் ஒருமுறை ஓடியதால் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தடைக்கு எதிரானவர்கள் இந்த இடத்தில்தான் 'வழக்கு முடிந்தது' என்று எழுந்துவிடுவார்கள். எனக்கு வழக்கே இங்கேதான் தொடங்குகிறது. வயலில் அடிக்கும் மருந்துக்கு எதிர்ப்பக்கத்தில் விளைச்சல் இருக்கிறது. கொசுவுக்கு அடித்தால் எதிர்ப்பக்கத்தில் நோய்த் தடுப்பு இருக்கிறது. பள்ளிப் புல்வெளியில் டேன்டிலியன் என்ற மஞ்சள் பூக் களையைக் கொல்ல அடித்தால் தராசின் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். ஒரு தட்டு கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது, மறு தட்டில் இருப்பது எத்தனை கிராம் என்று சண்டை போட்டு என்ன பயன்?

இந்தக் கேள்வியை முதலில் சட்டமாக்கியது ஒரு சின்ன ஊர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலுக்கு மேற்கே உள்ள ஹட்சன். மக்கள் தொகை ஐயாயிரம் சொச்சம். ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் 1985 முதல் ஊர் மன்றக் கூட்டங்களுக்கு விடாமல் போய், புல்வெளித் தெளிப்பைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு ஆண்டுகள். 1991-ல் மன்றம் ஒரு துணைவிதியை நிறைவேற்றியது: அழகுக்காகப் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. முழுத் தடை இல்லை. தேவைக்கு வழி விட்டு, அலங்காரத்துக்கு மட்டும் கதவை மூடியது.

இரண்டு புல்வெளிப் பராமரிப்பு நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. மத்திய அரசு பதிவு செய்த பொருளை, மாகாணம் உரிமம் கொடுத்த நிறுவனம் தெளிப்பதை ஓர் ஊர் மன்றம் எப்படித் தடுக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. வழக்கு படிப்படியாக ஏறி, 2001 ஜூன் 28 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேலே உள்ள சட்டம் அனுமதிக்கிறது என்றால் கீழே உள்ள மன்றம் கூடுதல் கண்டிப்பு காட்டக் கூடாது என்று அர்த்தமில்லை. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியும். முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது: முழு அறிவியல் உறுதி கிடைக்கும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வேகம் பிடித்தது. கியூபெக் 2003-ல் மாகாணம் முழுமைக்கும் பூச்சிக்கொல்லி மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்து, 2006-ல் தனியார் புல்வெளிகள்வரை நீட்டியது. ஒன்டாரியோவில் அழகுக்கான தெளிப்புக்குத் தடை 2009 ஏப்ரல் 22 அன்று அமலுக்கு வந்தது. அதையொட்டி அங்கே நகர ஓடைகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 2,4-டி உள்ளிட்ட களைக்கொல்லிகளின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது.

கியூபெக் விதியை எதிர்த்து, 2,4-டி தயாரிக்கும் டவ் அக்ரோசயின்சஸ் நிறுவனம் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் கனடா மீது வழக்குப் போட்டது. 2011-ல் சமரசம். நிறுவனத்துக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை, தடையும் நீங்கவில்லை. பதிலுக்கு, லேபிளில் சொன்னபடி பயன்படுத்தினால் 2,4-டி பொருள்களால் ஏற்கமுடியாத ஆபத்து இல்லை என்று கியூபெக் ஒரு வாசகத்தை ஒப்புக்கொண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு: ஆபத்து இல்லை, ஆனாலும் தடை. ஹட்சனின் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் முரண்பாடே இல்லை. தேவையில்லாத ஒன்றை நிறுத்த அது கொடிய விஷம் என்று நிரூபித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேஸி என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் தெளிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டிருந்தது. 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் உள்ளூர் விதிகளைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஹட்சன் தீர்ப்புக்குப் பத்தாண்டு முன்பே வந்த, கிட்டத்தட்ட அதே தீர்ப்பு. ஆனால் இங்கே தொழில்துறை சுதாரித்துக்கொண்டது. மத்தியச் சட்டம் தடுக்காவிட்டால் என்ன, மாநிலச் சட்டம் தடுக்கலாமே? மாநிலம் மாநிலமாகப் போய், உள்ளூர் மன்றங்களின் கையைக் கட்டும் சட்டங்களை நிறைவேற்ற வைத்தார்கள். இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஓர் ஊர் தன் பூங்காவில் தெளிக்காமல் இருக்கலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் தனியார் காப்பகத்தின் முற்றத்தில் தெளிப்பதைத் தடுக்க முடியாது. பள்ளிகளுக்கான மத்தியச் சட்டமும் இல்லை. அதற்கான மசோதா 1999 முதல் பலமுறை அறிமுகமாகி, ஒருமுறைகூடச் சட்டமாகவில்லை. பள்ளிகளில் எவ்வளவு பூச்சிக்கொல்லி பயன்படுகிறது என்று அதே 1999-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் தேடியபோது, நாடு தழுவிய முழுமையான கணக்கே யாரிடமும் இல்லை என்றுதான் தெரியவந்தது.

அதனால் தடை வேண்டுமென்றால் மாநில அளவில்தான் வர வேண்டியிருந்தது. கனெக்டிகட் மாநிலம் முதலில் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு காப்பகங்களையும் எட்டாம் வகுப்புவரை உள்ள பள்ளிகளையும் சேர்த்தது. இடையில் சில ஆண்டுகள் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' முறையில் தெளிக்கலாம் என்று அவகாசம் கொடுத்தது. 2010 ஜூலையில் அந்த அவகாசமும் முடிந்தது. நியூயார்க் மாநிலம் 2010 மே மாதம் தன் சட்டத்தை இயற்றியது. பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளும், எல்லாக் காப்பகங்களும். விளையாட்டுத் திடல், புல்தரை, மைதானம் எதிலும் பூச்சிக்கொல்லி கூடாது. கட்டடத்துக்குள் செய்வதை இந்தச் சட்டம் தொடவில்லை. மூடிய டப்பாவில் வைக்கும் பொறி, போரிக் அமிலம், கொட்டும் பூச்சிகளுக்கான சிறிய ஸ்பிரே ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. உண்மையான அவசரம் என்றால், அரசுப் பள்ளியில் பள்ளி வாரியம் கூடி முடிவெடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. களை முளைத்ததை 'அவசரநிலை' என்று பெற்றோர் முன்னிலையில் வாக்கெடுத்துத் தீர்மானிக்க எந்த வாரியத்துக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஒருங்கிணைந்த மேலாண்மையே போதுமே, தடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல முறைதான்: பூச்சியைக் கண்காணி, எண்ணிப் பார், மண்ணைச் சரிசெய், கடைசி வழியாக மட்டும் தெளி. ஆனால் அந்தக் 'கடைசி' எப்போது வந்தது என்று தீர்மானிப்பவர், பெரும்பாலும் தெளிக்கும் ஒப்பந்தக்காரரே.

தெளிப்பவர் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கலிஃபோர்னியாவின் பெனிசியா பள்ளிகளில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்த டிவெய்ன் ஜான்சன். கிளைபோசேட் அடங்கிய களைக்கொல்லியைப் பள்ளி வளாகங்களில் தெளிப்பது அவர் வேலையின் ஒரு பகுதி. 2014-ல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2018 ஆகஸ்டில் ஜூரி, அதைத் தயாரித்த மான்சாண்டோ நிறுவனம் 28.9 கோடி டாலர் தர வேண்டும் என்றது. மேல்முறையீடுகளில் அது சுமார் 2 கோடி டாலராக இறங்கியது. கிளைபோசேட் மனிதருக்குப் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைகளைக் காக்க எழுதிய விதி, நாள்தோறும் முதுகில் டேங்க் சுமப்பவரையும் சேர்த்தே காக்கிறது. விவாதங்களில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும்.

ஐரோப்பாவில் இவ்வளவு இழுபறி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு உத்தரவு, பூங்கா, பள்ளி வளாகம், விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் பூச்சிக்கொல்லியைக் குறைக்கவோ தடுக்கவோ உறுப்பு நாடுகளிடம் சொன்னது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், 2017 முதல் பொதுப் பசுமைவெளிகளிலும், 2019 முதல் வீட்டுத் தோட்டங்களிலும் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

தடை வந்தபின் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் பாடு என்ன? இதைத் தடையை ஆதரிப்பவர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தெளிப்பான் ஒரே நாளில் முடிக்கும் வேலையை, மண் பல மாதங்களில்தான் முடிக்கும். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்ட வேண்டும்; உயரமான புல் நிழல் தந்து களை விதைகளை முளைக்க விடாது. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதுவே உரம். ஓடி ஓடி இறுகிய தரையைத் துளையிட்டுக் காற்றோட்டம் தர வேண்டும், தேய்ந்த இடங்களில் திரும்பத் திரும்ப விதை தூவ வேண்டும். புல்லின் வேரைத் தின்னும் வேர்ப்புழுதான் உண்மையான தலைவலி. நன்மை செய்யும் நூற்புழுக்களை மண்ணில் விடலாம். ஆனால் ஈரம், வெப்பம், நேரம் மூன்றும் சரியாக அமைய வேண்டும். அமையாவிட்டால் புல் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும், குழந்தைகள் வெறும் மண்ணில் சறுக்கி விழுவார்கள். பராமரிப்பாளர்களின் இந்தப் புகார் நியாயமானது. புது வேலையைக் கொடுத்துவிட்டு, அதற்கான ஆளையும் பணத்தையும் சட்டம் கொடுக்க மறந்துவிடுகிறது.

அப்படி மறந்த இடங்களில் இரண்டு குறுக்குவழிகள் தலைகாட்டுகின்றன. ஒன்று, 'இயற்கையானது' என்ற பெயரில் எதையாவது தெளிப்பது. 20 சதவீத வினிகர் இயற்கையானதுதான், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். இன்னொன்று, புல்லையே தூக்கிவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிப்பது. பழைய டயரைத் துருவி நிரப்பிய, வெயிலில் கொதிக்கும் ஒரு பரப்பில் குழந்தைகளை விட்டுவிட்டு, களைக்கொல்லியிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மைதானத்தில் அங்கங்கே குளோவர் பூத்துக் கிடந்தால் ஆட்டத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தேனீ வரும், யாரையாவது கொட்டவும் செய்யலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் பள்ளி அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கனெக்டிகட் சட்டத்துக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு தடை முடிகிறது. அந்த வேனிலில் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்து, இலையுதிர்காலத்தில் பக்கத்து வளாகத்திலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினால், அந்தப் புல்லில் சட்டப்படி தெளிக்கலாம்.